எதிரொலி யார் பக்கக் கோளாறு?

கேள்வி: தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்குக் காணொலியில் வகுப்பெடுக்கிறேன். நான் பேசுவது சற்றுத் தாமதித்து எனக்கே திரும்பிக் கேட்கிறது. மைக்கை மாற்றியும் பயனில்லை. சிலருக்குப் படமும் உறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மைக்குக்குச் செலவழித்தது வீண். தன் குரல் தனக்கே திரும்பினால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில்தான். அங்கே ஸ்பீக்கரில் ஒலிக்கும் உங்கள் குரலை அங்குள்ள மைக் மறுபடி பிடித்து அனுப்புகிறது. எல்லோரையும் மியூட் செய்துவிட்டு, ஒவ்வொருவராக மைக்கைத் திறக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள். யார் திறக்கும்போது எதிரொலி வருகிறதோ, அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் போதும். ஊளைச் சத்தம் வந்தால் வேறு கதை: ஒரே அறையில் இரண்டு கருவிகள் வகுப்பில் இருக்கும். ஒன்றில் மைக், ஸ்பீக்கர் இரண்டையுமே அணைக்க வேண்டும்.

படம் உறைவது பெரும்பாலும் இணைய வேகம் குறைவதால். மாணவர் தன் கேமராவை அணைப்பது அனுப்பும் டேட்டாவை மட்டுமே குறைக்கும். வரும் வீடியோவை நிறுத்தும் வசதி பல செயலிகளின் அமைப்புகளில் இருக்கிறது, அதைத் தேடச் சொல்லுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வீடியோ மணிக்குச் சுமார் 450 எம்.பி. தின்னும்; 100 கிலோபிட் குரலுக்கு 45 எம்.பி. போதும். வகுப்பில் காட்டும் படங்களை முன்கூட்டியே பி.டி.எஃப். ஆக அனுப்பி, பக்க எண் சொல்லி நடத்துங்கள்.