முகவரி வேண்டாம், தெருவே போதும்

கேள்வி: மகளைப் பார்க்க அமெரிக்காவின் போர்ட்லாந்துக்குப் போகிறேன். அர்சுலா கே. லெ குவின் வாழ்ந்த ஊராமே! அவர் வீட்டு முகவரி கிடைக்குமா? வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை. ஆமாம், டிராகன் கதை எழுதியவருக்கும் அந்த ஊருக்கும் அப்படி என்ன தொடர்பு?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முகவரி தரமாட்டேன். எழுத்தாளர் வீட்டுக் கதவை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் பல முறை கண்டித்தாயிற்று, இன்னும் கண்டிப்பேன். ஆனால் தெருவைச் சொல்கிறேன். வடமேற்குப் போர்ட்லாந்தின் தர்மன் தெரு. அதைக் கண்டுபிடிக்க வரைபடம்கூட வேண்டாம், ஆங்கில அகரவரிசை தெரிந்தால் போதும்.

அந்தப் பகுதித் தெருக்களுக்கு முதலில் ஏ, பி, சி என்று எழுத்துகள்தான் பெயர். 1891-ல் அந்தந்த எழுத்தில் தொடங்கும் ஆள்பெயர்களைச் சூட்டினார்கள். ஆங்கெனி, பர்ன்சைடு, கூச், டேவிஸ், எவரெட், ஃப்ளாண்டர்ஸ், க்ளீசன், ஹாய்ட் என்று போகும். தர்மன் இருபதாவது எழுத்து. பர்ன்சைடிலிருந்து 23-வது அவென்யூ வழியாக வடக்கே நடந்தால் பதினெட்டாவது குறுக்குத் தெரு, ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. வழியில் லவ்ஜாய், க்விம்பி என்ற பலகைகளைப் பார்த்து எங்கேயோ கேட்ட பெயர் என்று தோன்றினால் அது சரிதான். ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனைப் படைத்த மாட் க்ரோனிங் போர்ட்லாந்துக்காரர். பாதிரியார் லவ்ஜாய், மேயர் க்விம்பி, பக்கத்து வீட்டு ஃப்ளாண்டர்ஸ் எல்லாரையும் இந்தத் தெருப் பலகைகளிலிருந்துதான் எடுத்தார். பெட்டிக்ரோவ் தெருவையும் விட்டுவிடாதீர்கள். 1845-ல் இந்த ஊருக்குப் பெயர் வைக்க, நிலத்துக்குச் சொந்தக்காரர்களான லவ்ஜாயும் பெட்டிக்ரோவும் காசு சுண்டினார்கள். பெட்டிக்ரோவ் ஜெயித்தார், மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தின் பெயர் நிலைத்தது. லவ்ஜாய் ஜெயித்திருந்தால் நீங்கள் இப்போது போஸ்டனுக்கு டிக்கெட் எடுத்திருப்பீர்கள்.

ஒரு செப்புக் காசு வேறு பக்கமாக விழுந்திருந்தால் வேறு ஊர். லெ குவின் 1971-ல் வெளியிட்ட ‘தி லேத் ஆஃப் ஹெவன்’ நாவலின் அடித்தளமும் இதே யோசனைதான். களம், 2002-ஆம் ஆண்டுப் போர்ட்லாந்து. ஜார்ஜ் ஆர் என்பவன் கனவு கண்டால் உலகமே மாறிவிடும், பழைய உலகம் மற்றவர்கள் நினைவில்கூட இருக்காது. மனநல மருத்துவர் ஹேபரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதற்கு ஈடாகச் சுவரில் ஹூட் மலையின் பெரிய படம். குதிரையைக் கனவில் காணும்படி ஹேபர் சொல்கிறார். ஆர் கண் விழிக்கும்போது சுவரில் மலை இல்லை, பந்தயக் குதிரை நிற்கிறது. தெளிந்த நாளில் கிழக்கே திரும்பினாலே ஹூட் மலை தெரியும் ஊர் அது. அந்த ஊர்க்காரருக்கு அந்த மலை படத்திலிருந்துகூடக் காணாமல் போவது என்ன அதிர்ச்சி என்பதை உள்ளூர் ஆள்தான் எழுத முடியும். நாவல் முழுக்க நசநசவென்று பெய்யும் மழையும் அந்த ஊர்ச் சரக்கு. புவி சூடாகிப் பனிப்பாறைகள் உருகியதால் வந்த மழை என்று அன்றே எழுதிவிட்டார்.

நாவலில் ஹூட் எரிமலை வெடிக்கிறது. ஒன்பது ஆண்டு கழித்து, 1980 மே 18 காலை 8:32-க்கு, நிஜமாகவே வெடித்தது அந்த வட்டாரத்தின் இன்னொரு எரிமலை, செயின்ட் ஹெலன்ஸ். 57 பேர் இறந்தார்கள். 9,677 அடி மலை 8,363 அடியானது. அந்த மலை லெ குவினின் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். பார்த்ததை அந்த ஆண்டே கட்டுரையாக எழுதினார். பிறகு தடைசெய்யப்பட்ட பகுதிக்குள்ளேயே போய்வந்து அதையும் எழுதினார். கற்பனை எழுத்தாளர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர் என்று நினைப்பவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும். ‘பேய்க்கதை, பூதக்கதை குழந்தைகளுக்கு’ என்று எனக்குக் கடிதம் எழுதும் பேராசிரியப் பெருமக்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் டிராகனுக்கு வருகிறேன். லெ குவின் பிறந்தது 1929-ல், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில். கணவர் சார்லஸுக்குப் போர்ட்லாந்தில் வரலாற்று ஆசிரியர் வேலை கிடைத்து 1959-ல் குடிவந்தார்கள். 2018-ல் இறக்கும்வரை அதுதான் ஊர். தீவுகளும் டிராகன்களும் நிறைந்த எர்த்ஸீ வரிசையின் முதல் நாவல் 1968-ல் வந்தது. ஒரு தாளில் தீவுகளை வரைந்து பெயரிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார். இரண்டாவதான ‘தி டூம்ப்ஸ் ஆஃப் அடுவான்’ பாலைவனத்தில் நடக்கிறது. மழை ஊர்க்காரருக்குப் பாலைவனம் எங்கிருந்து கிடைத்தது? அதே ஆரெகன் மாநிலத்திலிருந்துதான். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கேஸ்கேட் மலைத்தொடரில் முட்டி மேற்கே கொட்டிவிடும். கிழக்குப் பக்கம் மழைமறைவு, வறண்ட பூமி. தென்கிழக்கே ஸ்டீன்ஸ் மலைப் பக்கம் குடும்பத்தோடு போன சில நாள் பயணம்தான் அந்த நாவலுக்கு நிலம் தந்தது.

எழுதியது எல்லாம் வீட்டில், கடிகாரம் பார்த்து. 1988-ல் ஒரு பேட்டியில் தன் நாளை அவரே சொன்னார்: ஐந்தரைக்கு விழித்துப் படுத்தபடியே யோசனை, ஆறே காலுக்கு நிறையச் சாப்பாடு, ஏழே காலிலிருந்து நண்பகல்வரை எழுத்து. எழுதிய அறை, ஒரு காலத்தில் பிள்ளைகளின் அறையாக இருந்தது. அந்த வீட்டை 2024-ல் குடும்பத்தார் லிட்டரரி ஆர்ட்ஸ் என்ற அமைப்புக்கு அளித்தார்கள், எழுத்தாளர்கள் தங்கி எழுதுவதற்காக. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக்கண்ணாடியையும் பேனாவையும் வைத்துப் பூட்டும் நினைவில்லங்களை எதிர்த்து நான் வருஷக் கணக்காகப் போட்டுவரும் சண்டைக்கு இது பெரிய பலம். உள்ளே யாரோ எழுதிக்கொண்டிருக்கலாம். வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள் என்பதற்கு வேறு காரணமும் வேண்டுமா?

அதற்குப் பதிலாகத் தெருவை நடங்கள். தர்மன் தெருவின் கிழக்கு முனையில் ஆறும் கிடங்குகளும், மேற்கு முனையில் காடு. 23-வது அவென்யூவிலிருந்து மேற்கே ஏறினால் பழைய மரவீடுகள், பிறகு பால்ச் ஓடையின் பள்ளத்துக்கு மேலே 1905-ல் கட்டிய இரும்புப் பாலம். தெரு முடியும் இடத்தில் கார்களைத் தடுக்கும் கேட். அதற்கப்பால் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட ஃபாரஸ்ட் பார்க். அதற்குள் லீஃப் எரிக்சன் பாதை சுமார் 11 மைல், கால் மைலுக்கு ஒரு தூரக் கம்பம். சறுக்காத செருப்பு அவசியம். போவதானால் ஜூலை முதல் செப்டம்பருக்குள் போங்கள். நவம்பரில் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு, மலையைக் காணோம் என்று எனக்கு எழுதாதீர்கள்.

ஒரு தெருவை எப்படிப் பார்ப்பது என்பதற்கும் அவரே புத்தகம் போட்டிருக்கிறார்: ‘ப்ளூ மூன் ஓவர் தர்மன் ஸ்ட்ரீட்’, 1993. ரோஜர் டார்பேண்டின் புகைப்படங்கள், இவருடைய வரிகள். பர்ன்சைடில் 10-வது அவென்யூ முனையில் இருக்கும் பவல்ஸ் கடையில் பழையதும் புதியதும் ஒரே அலமாரியில் கலந்திருக்கும். ஃபேண்டஸி பக்கம் தேடாதீர்கள், உள்ளூர் வரலாற்றுப் பக்கம் கேளுங்கள். கிடைத்தால் இரண்டு பிரதி வாங்குங்கள், ஒன்றுக்கு நான் பணம் தருகிறேன்.