எந்த வகுப்பின் முன் நிற்கப் போகிறீர்கள்?

ஆசிரியர் கல்வி பயிலும் மாணவர்கள் தங்கள் படிப்பைத் திட்டமிடுவது பற்றி இம்மாதம் வந்த கேள்விகளும், ஓய்வுபெற்ற கல்வியியல் பேராசிரியர் ஒருவரின் பதில்களும்.

நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எஸ்சி., பி.எட். படிப்பில் கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுத்து முதலாண்டில் சேர்ந்திருக்கிறேன். எனக்கென்று ஒரு வழிகாட்டி ஆசிரியரை நியமித்திருக்கிறார்கள். பருவத்துக்கு இரண்டு முறை படிவத்தில் கையெழுத்து வாங்குவதைத் தவிர, அவரிடம் எதற்காகப் போவது என்றே தெரியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதத்தைக் கேட்கத் தொடங்கிய பின் இந்த ஏற்பாடு பெரும்பாலான கல்லூரிகளுக்கு வந்துவிட்டது. ஆனால் பல இடங்களில் அது பதிவேட்டைத் தாண்டவில்லை. கையெழுத்துக்காகப் போகும் அந்தப் பத்து நிமிடத்தை நீங்களே கேள்வி கேட்கும் நேரமாக மாற்றிக்கொண்டால், எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார் என்பது என் அனுபவம்.

முதலில் அவரோடு அமர்ந்து முடிவு செய்ய வேண்டியது, எந்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியர், 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர், 11, 12 வகுப்புகளுக்கு முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் என்று பணியிடங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. (தொடக்கப் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு ‘இடைநிலை’ என்ற பெயர் ஏன் என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது என்னிடம் கேட்டதுண்டு, பழைய பெயர், அப்படியே தங்கிவிட்டது.) ஒவ்வொரு பணியிடத்துக்கும் தகுதி வேறு, தேர்வு வேறு. உங்கள் படிப்பு முதன்மையாகப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கான வழி. மேல்நிலை வகுப்புகளை விரும்பினால் நான்காண்டுக்குப் பிறகு கணிதத்தில் முதுகலைப் பட்டமும் தேவைப்படும் என்பதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒன்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, 8ஆம் வகுப்பு வரை கற்பிப்பவருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம். அதன் இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில், குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30. மீதமுள்ள 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்து. அதாவது, கணிதம் மட்டுமே படித்தவரும் இயற்பியல், வேதியியல், உயிரியல் வினாக்களுக்கு விடையளித்தாக வேண்டும். துணைப்பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் கைக்கு வரும்போது, எதில் எளிதாக மதிப்பெண் கிடைக்கும் என்று சீனியரிடம் கேட்டு நிரப்புவதுதான் வழக்கம். அப்படி நிரப்பிவிட்டு, நான்காண்டு கழித்துப் பள்ளி அறிவியல் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கல்லூரியில் தெரிவு செய்ய இடமிருந்தால் இயற்பியலையோ வேதியியலையோ துணைப்பாடமாகக் கொள்ளுங்கள். குழந்தை வளர்ச்சி, கற்றல் உளவியல் பாடங்களின் குறிப்புகளைப் பருவத்தேர்வு முடிந்ததும் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். அந்த 30 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

தகுதித் தேர்வுச் சான்றிதழ் முன்பு ஏழாண்டுக்கே செல்லும். 2021இல் வந்த மாற்றத்துக்குப் பின் அது வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆகவே தள்ளிப்போடுவதில் ஒரு லாபமும் இல்லை. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும்கூட, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் இதில் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்ததையும், அதற்குப்பின் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்கள் பட்ட கவலையையும் நினைவில் கொள்ளுங்கள்.

என் மகள் அறிவியல் பட்டம் முடித்து பி.எட். சேரவிருக்கிறாள். அவளுடைய பட்டத்தின் பெயர் வழக்கமான இயற்பியல், வேதியியல் போல் இல்லாமல் புதுப் பெயராக இருக்கிறது. இதனால் பிறகு சிக்கல் வருமா?
– வாசகர், தருமபுரி

வரலாம். பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில் பட்டத்தின் முதன்மைப் பாடம், கற்பிக்கப்போகும் பாடத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பெயர் மாறியிருந்தால், அந்தப் பட்டம் இன்ன பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். பி.எட். கட்டணம் கட்டுவதற்கு முன்பே பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்திடம் அந்த ஆணை உண்டா என்று எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். ‘சேர்த்துக்கொண்டார்களே, அப்படியானால் செல்லும்’ என்று எண்ணுவதுதான் பெற்றோர் செய்யும் தவறு. சேர்க்கை ஒருவர் கையில், நியமனம் வேறொருவர் கையில்.

நான் பி.எட். முதலாண்டு மாணவி. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே எனக்கு விருப்பம். பி.எட். பெரிய படிப்பு என்பதால் தொடக்கப் பள்ளிக்கும் அதுவே போதும் என்கிறார்கள், சரியா?
– வாசகி, சிவகாசி

சரியன்று. 2018ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்றின் மூலம், ஆறு மாத இணைப்புப் பயிற்சி என்ற நிபந்தனையோடு பி.எட். முடித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு அனுமதித்தார்கள். அந்த அறிவிக்கை செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது. தொடக்க வகுப்புக்கு உரியது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. அதை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் படிக்கலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது, பத்தாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்துவதைவிடச் சிறிய வேலை என்று யார் சொன்னார்கள்? அது வேறு வகையான திறமை. முதலாண்டிலேயே இது தெரிந்தது நல்லது. படிப்பைத் தொடர்வதா, மாற்றுவதா என்று உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடமும் வீட்டிலும் இந்தப் பருவத்துக்குள் பேசிவிடுங்கள்.

பள்ளியில் கற்பித்தல் பயிற்சியின்போது டெங்கு வந்து இரண்டு வாரம் போக முடியவில்லை. கல்லூரி வருகைப்பதிவு நன்றாகவே இருக்கிறது. இதனால் பாதிப்பு உண்டா?
– வாசகர், தென்காசி

உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, பி.எட். வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வேண்டும். ஒன்றின் மிகுதியைக் கொண்டு மற்றதன் குறையை ஈடுகட்ட முடியாது. மருத்துவச் சான்றிதழோடு முதல்வரைப் பார்த்து, விடுபட்ட நாட்களை அதே பள்ளியில் ஈடுசெய்ய அனுமதி கேளுங்கள். பள்ளியின் ஆண்டுத் தேர்வு தொடங்கிவிட்டால் வகுப்பே கிடைக்காது என்பதால், இந்த வாரமே கேளுங்கள்.

நான் கல்வியியல் கல்லூரியில் இளம் உதவிப் பேராசிரியை. என் பொறுப்பில் உள்ள மாணவி ஒருத்தி தேர்வுகளில் முதலிடம். ஆனால் வகுப்பறையில் பிள்ளைகள் முன் நின்றால் குரலே எழுவதில்லை. ஆசிரியப் பணி உனக்கு ஒத்துவராது என்று அவளிடம் சொல்வதா, விடுவதா?
– வாசகி, திண்டுக்கல்

இருநூறு மாணவர்களுக்குப் பதினாறு ஆசிரியர்கள் என்பது பி.எட். கல்லூரிக்கான விதி. முதல்வரை விட்டுக் கணக்கிட்டால் ஒருவருக்குப் பதின்மூன்று பேர் வருவார்கள். அந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தியின் குரல் எழவில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் என் பாராட்டு.

இரண்டு பாட வேளைகளைப் பார்த்துவிட்டு ஒருவருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். என் மாணவர் ஒருவர் முதல் வாரம் முழுவதும் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார். நான் திட்டப் போனபோதுதான் காரணம் தெரிந்தது: பின்வரிசையில் மதிப்பெண் தாளோடு அமர்ந்திருந்த என்னைப் பார்க்கத்தான் அவருக்குப் பயம், பிள்ளைகளைப் பார்க்க இல்லை. அதன்பின் நான் தாள் இல்லாமல் போய், ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உங்கள் மாணவி எதற்கு அஞ்சுகிறாள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். நாற்பது பேருக்கு முன்னா, ஆங்கிலத்தில் பேச வேண்டியிருப்பதாலா, மேற்பார்வையிடுபவர் முன்னா? ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட சிறு குழுவுக்கு ஒரு வாரம் கற்பிக்கச் செய்யுங்கள். பிறகு பாதி வகுப்பு, பிறகு முழு வகுப்பு. பயிற்சிப் பள்ளியின் வகுப்பாசிரியரையும் இதில் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மைவிடப் பிள்ளைகளை அறிந்தவர் அவர்.

இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு வகுப்பறை துன்பமாகவே இருந்தால், ‘உனக்கு ஒத்துவராது’ என்று நீங்கள் சொல்லத் தேவையிருக்காது. ‘இந்த நாலு வாரம் உனக்கு எப்படியிருந்தது?’ என்று கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். பாடநூல் எழுதுதல், வினாத்தாள் வடிவமைப்பு, கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்குத் தனியே கற்பித்தல், கல்வியியல் ஆய்வு என்று வகுப்பறைக்கு வெளியே உள்ள வேலைகளை அதற்குமுன் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவளாகக் கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுங்கள்.