சாகக் கிடப்பவர் பக்கத்தில்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலையகத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மெதடிஸ்த சபையில் உபதேசியாராகவும் இருக்கிறேன். மரணத்தைப் பற்றி எதையும் கேட்கலாம் என்று சொன்னதும் வந்து குவிந்ததில் பாதி சகுனக் கேள்விகள். அவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் கட்டிலில் கிடப்பவரைப் பற்றிக் கேட்டவர்களுக்குத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு மகன்: ஐயா, அப்பாவை மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். புற்றுநோய் ஈரல் வரை பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். சித்தப்பாவும் மாமாவும், "அவருகிட்ட சொல்லாத, கேட்டா அன்னைக்கே போயிருவாரு" என்கிறார்கள். மறைப்பது பாவமா?

தம்பி, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? உடம்பு கரைவதும், நீங்கள் எல்லோரும் வாசலில் நின்று மெதுவாகப் பேசுவதும், அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதும் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பெரும்பாலான வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஒருவருக்கொருவர் மறைப்பார்கள். அதில் தனியாகிப்போவது நோயாளிதான்.

எடுத்த எடுப்பில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். முதலில் கேளுங்கள்: "அப்பா, உங்க உடம்பப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?" அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். "நான் பொழைப்பேனாடா?" என்று நேராகக் கேட்டால் மட்டும் பொய் வேண்டாம். "இதுக்கு மேல வைத்தியம் இல்லேன்னு டொக்டர்மார் சொல்றாங்கப்பா. ஆனா நோவு இல்லாம பாத்துக்குவோம், நாங்க உங்கள விட்டுட்டு எங்கயும் போகமாட்டோம்" என்று சொல்லுங்கள். முதல் பாதியைச் சொல்லிவிட்டு எழுந்து போகவே கூடாது.

அழுவார். ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பார். அப்புறம் பேசத் தொடங்குவார். பல வருடமாகப் பேசாத தம்பியைக் கூப்பிடச் சொல்வார். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்துக்கு யார் பெயரைக் கொடுத்திருக்கிறார், அடகு வைத்த நகை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வெளியே வரும். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டபோது ஏசாயா தீர்க்கதரிசி மரணச் செய்தியை அவரிடம் மறைக்கவில்லை. வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும் என்றுதான் சொன்னார். அந்த வாய்ப்பை அப்பாவிடமிருந்து நாம் பறிக்கக் கூடாது.

ஹட்டனிலிருந்து ஒரு சகோதரி: அம்மாவுக்கு மோர்பின் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஜெபக் குழுவில் ஒருவர், இயேசு சிலுவையில் வலியை மரக்கச் செய்ய நீட்டிய வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை மறுத்தார், கிறிஸ்தவர்கள் வேதனையைச் சகிக்க வேண்டும் என்கிறார். பழக்கமாகிவிடுமோ, சீக்கிரம் உயிரை எடுத்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

மருந்தைக் கொடுங்கள் அம்மா. தாமதிக்க வேண்டாம்.

ஆண்டவர் அந்தப் பானத்தை மறுத்தது உண்மை. அது அவர் ஏற்றுக்கொண்ட மரணம். ஆனால் தம்மிடம் வந்த ஒரு நோயாளியிடமாவது "வலியோடே இரு" என்று அவர் சொன்னாரா? தொட்டார், குணமாக்கினார். மடிந்துபோகிறவனுக்கு மது கொடுங்கள் என்று நீதிமொழிகள் 31லேயே இருக்கிறது.

1967இல் லண்டனில் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காகச் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. முதலில் தாதியாக இருந்தார், பிறகு வைத்தியம் படித்தார். வலி வந்து துடித்த பிறகு ஊசி போடுவதைவிட, வலி திரும்பி வருமுன் நேரம் தவறாமல் வாயால் மோர்பின் கொடுக்க வேண்டும் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் அவர்தான். மஹரகமையில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவனவும் அந்த வழியில் வந்த இல்லந்தான்.

டொக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுக்கும் மோர்பின் போதைக்காரராக்காது, உயிரையும் பறிக்காது. முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கும் மருந்தைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வலி அடங்கினால்தான் அம்மாவால் ஜெபிக்கவே முடியும்.

பசறையிலிருந்து ஒருவர்: சனிக்கிழமை மரித்தவருக்குப் பாடையில் கோழி கட்டவில்லை என்றால் இன்னொரு உயிர் போகும் என்கிறார்களே?

சனிப்பிணம் தனியாகப் போகாது என்ற பேச்சைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனால் கிறிஸ்தவருக்கு இதில் குழப்பமே வரக் கூடாது. நம் ஆண்டவர் சனிக்கிழமை முழுவதும் கல்லறையில் கிடந்தார். அந்தக் கல்லறை இன்னொருவரைக் கூப்பிடவில்லை. கோழி கட்ட வேண்டாம். பயத்தில் இருக்கும் வீட்டுப் பெரியவர்களைத் திட்டவும் வேண்டாம். அன்றிரவு இரண்டு மூன்று பேர் அவர்களோடு தங்குங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு பேத்தி: பாட்டிக்கு நினைவில்லை, இழுத்துக்கொண்டு கிடக்கிறார். ஏதோ ஆசை மிச்சமிருக்கிறது என்று சொல்லி, காசைக் கழுவிய தண்ணீரும், வீட்டு மண்ணைக் கரைத்த தண்ணீரும், பாலும் வாயில் ஊற்றச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து ஊற்றவிடாதீர்கள். நினைவில்லாதவருக்கு விழுங்கும் சக்தி இருக்காது. ஊற்றுவது நுரையீரலுக்குள் இறங்கும். மூச்சுத் திணறும். அன்பினால் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பாட்டியின் கடைசி நேரத்தைக் கொடுமையாக்கிவிடுவோம்.

உயிர் இழுப்பது மண்ணாசையாலும் பொன்னாசையாலும் அல்ல. இதயம் பலமாக இருந்தால் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். மூச்சு வேகமாக வந்து, குறைந்து, சிறிது நேரம் நின்று, மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தால் குறையும். கைகால் சில்லிட்டு நீலம் பாயும். இவை உடம்பு தன் வேலையை முடிக்கிற அடையாளங்கள். கேட்கிற நமக்குத் தெரிகிற வேதனை பெரும்பாலும் அவருக்கு இருப்பதில்லை.

சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து உதட்டையும் வாயையும் ஈரப்படுத்துங்கள். உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெதுவாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். நம் மலைக் குளிரில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கதவு ஜன்னலை எல்லாம் அடைத்து, உள்ளே அடுப்புப் புகையும் ஆட்களுமாக நிரப்பிவிடுகிறோம். ஒரு ஜன்னலைத் திறந்து விடுங்கள். காது கடைசிவரை கேட்கலாம் என்பதால், சவப்பெட்டி விலையையும் காணிச் சண்டையையும் அந்த அறைக்குள் பேச வேண்டாம். பாட்டிக்குப் பிடித்த கீர்த்தனையை மெதுவாகப் பாடுங்கள்.

நோர்வூட்டிலிருந்து ஒரு கத்தோலிக்க வாசகி: பாதரைக் கூப்பிட்டு எண்ணெய் பூசினால் மாமாவின் உயிர் உடனே போய்விடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

நான் மெதடிஸ்தன். இருந்தாலும் உங்கள் சபையின் போதனை இதில் தெளிவாக இருக்கிறது. நோயிற்பூசுதல் மூச்சு நிற்கும் நேரத்துக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. கடும் நோயிலும், பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்பும், முதுமையில் பலவீனப்படும்போதும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். யாக்கோபு 5:14இல் வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. கடைசி நேரத்தில் மட்டும் பாதரைக் கூப்பிட்டுப் பழகியதால், அவர் வந்தாலே சாவு என்று ஆகிவிட்டது. மாமா பேசும் நிலையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள், பாவசங்கீர்த்தனமும் செய்துகொள்வார்.

பண்டாரவளையிலிருந்து ஒரு கணவர்: மனைவிக்காக உபவாச ஜெபம் வைத்தோம். சுகமாகவில்லை. வந்த ஊழியக்காரர், வீட்டில் விசுவாசம் குறைவு என்று சொல்லிப் போய்விட்டார். அவள் அதை நினைத்தே அழுகிறாள்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கும் பெண்ணின் தலையில் குற்றத்தையும் ஏற்றிவைப்பது ஊழியம் அல்ல.

பவுல் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். பவுலுக்கா விசுவாசம் குறைவு? தன் மாம்சத்தின் முள் என்று அவர் சொன்ன உபாதைக்காக மூன்று தரம் வேண்டினார், அது எடுபடவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் இயேசு. இதையெல்லாம் மனைவிக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதோடு, "ஆண்டவரே, இன்றைக்கு இவளுக்குச் சமாதானம் தாரும்" என்றும் கேளுங்கள்.

லிந்துலையிலிருந்து: நாய் ஊளையிட்டால், ஆந்தை கத்தினால் சாவு வருமா?

வராது. காட்டோரத் தோட்டங்களில் ஆந்தை எந்நாளும் கத்துகிறது. சாவு விழுந்த இரவை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். உலமா என்ற பேய்ப்பறவையுடையது என்று சிங்களவர்கள் பயப்படும் அந்த அலறல்கூட ஒரு பெரிய காட்டு ஆந்தையுடையது என்றே பறவைகளைக் கவனிப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். சகுனம் பார்ப்பதை உபாகமம் 18 விலக்கியிருக்கிறது.

நானுஓயாவிலிருந்து ஒரு மகள்: ஆறு மாதம் கர்ப்பமாக இருக்கிறேன். அம்மா சாகக் கிடக்கிறார். தீட்டு, குழந்தைக்கு ஆகாது என்று என்னைப் போகவிடவில்லை.

போங்கள் தங்கச்சி. மோசேயின் சட்டத்திலும் பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு இருந்தது. ஆனால் நாயீன் ஊர் விதவையின் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இயேசு கிட்டே வந்து பாடையைத் தொட்டார். தீட்டு அவரிடம் நிற்கவில்லை. அம்மாவுக்குக் காசநோய் போல ஏதாவது தொற்று உண்டா என்று மட்டும் டொக்டரிடம் கேளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இரவு முழுக்க விழிக்க வேண்டாம், தூக்கித் திருப்பும் வேலையை மற்றவர்களிடம் விடுங்கள். அம்மாவின் கையை எடுத்து உங்கள் வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து: கிறிஸ்தவ சாவு வீட்டில் தப்பு மேளம் அடிக்கலாமா?

தப்புச் சத்தத்தில் பாவம் ஒன்றும் இல்லை. தோட்டத்தின் அடுத்த டிவிஷன் (பிரிவு) வரை செய்தி சொல்லும் மேளம் அது. ஆனால் ஒரு சாதியாரைத்தான் அடிக்கக் கூப்பிடுவோம், அவர்களை வாசலில் நிறுத்தித் தனியாகச் சோறு போடுவோம் என்றால், அதுதான் அந்த வீட்டில் நடக்கும் பாவம். விருப்பமுள்ளவர் அடிக்கட்டும், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

ஊர் சொல்ல விரும்பாத ஒரு தாய்: என் மகன் மருந்து குடித்துச் செத்தான். அவனுக்குச் சபை அடக்கம் கிடையாது, ஆவி அலையும் என்கிறார்கள்.

அம்மா, உங்கள் மகனுடைய ஆவி அலையவில்லை. அலைந்து திரியும் ஆவிகளைப் பற்றி நம் விசுவாசத்தில் இடமே இல்லை. பழைய நாட்களில் சபைகள் இதில் கடுமையாக இருந்தது உண்மை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றே இப்போது அந்தச் சபை கற்பிக்கிறது. மனம் நொறுங்கிய ஒரு பிள்ளையின் கடைசி நிமிடத்தை ஆண்டவர் மட்டுமே அறிவார், தீர்ப்பும் அவருடையது. மரணமானாலும் நம்மைத் தேவனுடைய அன்பைவிட்டுப் பிரிக்காது என்று ரோமர் 8 சொல்வது அவனுக்கும் சேர்த்துத்தான்.

நீங்கள் தனியாக இருக்காதீர்கள். உங்களுக்கும் அந்த எண்ணம் வந்தால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி எண்.

கொஸ்லந்தையிலிருந்து: மீரியபெத்தை மண்சரிவில் போன சிலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் கதி என்ன?

2014 அக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் போன லயங்களை நம்மில் யாரும் மறக்கவில்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைச் சொன்ன இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார். அப்படி அங்கே போனவர்களைத் துர்மரணம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. உயிர்த்தெழுதலுக்கு உடல் பெட்டியில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சமுத்திரமும் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்கிறது வெளிப்படுத்தல். மலையும் ஒப்புவிக்கும். வருடாவருடம் அந்த நாளில் பெயர்களை வாசித்து ஜெபியுங்கள்.

இராகலையிலிருந்து ஒரு மருமகள்: மாமியார் சைவம். அவருக்காக நான் ஜெபிக்கலாமா?

அவரிடமே கேளுங்கள். "சரி" என்றால் சுருக்கமாக ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் சமையலறையில் நின்று மனதுக்குள் ஜெபியுங்கள். அவருக்குத் திருநீறு வேண்டுமென்றால் எடுத்துக் கொடுங்கள். பலவீனமான நேரத்தில் நெருக்கி வாங்கும் சம்மதத்தை ஆண்டவர் கேட்கவில்லை.

வட்டவளையிலிருந்து ஒரு வாலிபன்: சாகப்போகிறவரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் தாத்தாவைப் பார்க்கவே போகாமல் இருக்கிறேன்.

பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை தம்பி. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான், வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். "பயப்படாதீங்க", "எல்லாம் சரியாயிரும்" என்று சொல்ல வேண்டாம். பயமாக இருக்கிறது என்று தாத்தா சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கெத்செமனேயில் ஆண்டவரும் வியாகுலப்பட்டார், என்னோடு விழித்திருங்கள் என்று சீஷர்களைக் கேட்டார். அவர் கேட்டதும் அவ்வளவுதான்.

கட்டிலோடு ஒட்டி உட்காருங்கள். காலைப் பிடித்து விடுங்கள். முடிந்தால் 23ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். வயதானவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும், உதடு கூடவே அசையும். இன்றைக்கு மாலை பஸ் இருந்தால் இன்றைக்கே போங்கள்.