துருக்கிப் பாடகி பாடும் கிரேக்கப் பாட்டு: கேள்வி பதில்

கோவை: சார், ஜாந்தான் எர்ச்செட்டின் துருக்கிப் பாடகிதானே? கிரேக்க நாட்டுப்புறப் பாட்டெல்லாம் பாடுகிறாரே, பூர்வீகம் கிரேக்கமா?

இல்லை. 1963இல் துருக்கியின் கிர்க்லாரெலியில் பிறந்தவர். பால்கன் பக்கமிருந்து வந்த குடும்பம். 2005இல் வந்த ‘அமான் டோக்டோர்’ தொகுப்பில், இரு நாட்டாரும் பாடும் பாட்டுகளை இரண்டு மொழியிலும் பாடினார். நீங்கள் கேட்டது அதுவாகத்தான் இருக்கும்.

‘நாட்டுப்புறம்’ என்று சொல்லாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை வயல்வெளியில் பிறந்தவை அல்ல. இஸ்மிர், இஸ்தான்புல், சலோனிகா (இன்று கிரீஸில் உள்ள தெசலோனிகி) போன்ற துறைமுக நகரங்களின் காபிக்கடை மேடைகளில் புழங்கியவை. கிரேக்கர், துருக்கியர், ஆர்மீனியர், யூதர் எல்லாரும் ஒரே மெட்டை அவரவர் மொழியில் பாடினார்கள். 1922 செப்டம்பரில் இஸ்மிர் எரிந்தது. 1923 லொசான் உடன்படிக்கைப்படி மக்களை மாற்றிக்கொண்டார்கள்: சுமார் 12 லட்சம் கிறித்தவர்கள் கிரீஸுக்கு, ஏறத்தாழ 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கு. பிரித்தது மதத்தை வைத்து, மொழியை வைத்தல்ல. அதனால் துருக்கி மட்டுமே பேசத் தெரிந்த கரமான்லி கிறித்தவர்கள் கிரீஸில் அகதியானார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக் கரையின் அய்வாலிக்கில் வந்து இறங்கினார்கள். பாட்டு இவர்களோடு இரண்டு திசையிலும் போயிற்று. எர்ச்செட்டின் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

யாழ்ப்பாணம்: ரோசா எஸ்கெனாசி எந்த நாட்டவர்?

இஸ்தான்புல்லில் பிறந்த யூதப் பாடகி. சலோனிகாவில் வளர்ந்தார், அது 1912 வரை உஸ்மானிய நகரம். ஏதென்ஸில் புகழ்பெற்று 1980இல் அங்கேயே இறந்தார். கிரேக்கம், துருக்கி, ஆர்மீனியம், லதினோ (ஸ்பானிய யூதர் மொழி) என நான்கிலும் பாடினார். ஒரு நாட்டுப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் என்னால் முடியாது.

சென்னை: ஹிஜாஸும் வகுளாபரணமும் ஒன்றுதானே?

ஹிஜாஸ் துருக்கி மகாம், அதாவது அவர்களுடைய ராகம்; வகுளாபரணம் நம் கர்நாடக ராகம். ஆர்மோனியத்தில் வாசித்தால் ஒன்று. ஆனால் ஹிஜாஸில் இரண்டாம் சுரம் கொஞ்சம் ஏறி, மூன்றாவது கொஞ்சம் இறங்கி நிற்கும். ஊத், கானூன் என்ற தந்திக் கருவிகளில் அந்த நுணுக்கம் வரும். கிரேக்கத் தந்திக் கருவியான பூசூக்கியின் மெட்டுக்கட்டைகள் அதற்கு இடம் தராது.

மதுரை: உஸ்குதார் பாட்டு யாருடையது?

‘யாருடையது’ என்று கேட்காதீர்கள், எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். துருக்கியில் அது ‘காத்திபிம்’ (என் எழுத்தர்) என்ற பாட்டு, உஸ்குதார் அதன் வரிகளில் வரும் ஊர். கிரேக்கம், செர்பியம், போஸ்னியம், அரபு, எல்லாவற்றிலும் அதே மெட்டு உண்டு. பல்கேரிய இயக்குநர் அதெலா பீவா 2003இல் இதற்காகவே ஊர் ஊராகப் போய் ஓர் ஆவணப்படம் எடுத்தார். போன இடமெல்லாம் ‘எங்களுடையது’ என்றுதான் பதில்.

தஞ்சாவூர்: மழுப்பாதீர்கள். உஸ்குதார் இஸ்தான்புல்லில் இருக்கிறது. பாட்டில் ஊர்ப்பெயர் வருகிறது. அப்புறம் என்ன?

ஊர்ப்பெயர் வரிகளுக்குச் சாட்சி, மெட்டுக்கு அல்ல. இருக்கிற மெட்டில் புது வரி போடுவது நாளும் நடப்பது.

கோவை: அப்படியானால் மெட்டு கிரேக்கம். தஞ்சாவூர்க்காரர் ஒப்புக்கொள்ளட்டும்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. கிரேக்க வரிகளே ‘அந்நிய நாட்டிலிருந்து, தொலைவிலிருந்து ஒரு பெண் வந்தாள்’ என்றுதான் தொடங்குகின்றன. அதை வைத்துத் தஞ்சாவூர்க்காரர் இன்னொரு வழக்குப் போடலாம், அதுவும் நிற்காது.

இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். இன்று இரு பக்கமும் சொத்துரிமை கோரும் இந்த இசையை 1930களில் இரண்டு அரசுகளுமே வேண்டாமென்றன. 1934இல் துருக்கி வானொலி ‘அலாதுர்கா’ எனப்பட்ட துருக்கி மரபிசையை நிறுத்தியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்த இசைக்கு ஒலிபரப்பு இல்லை. 1936இல் கிரீஸில் ஆட்சியைப் பிடித்த மெடக்சாஸ் பாட்டுக்குத் தணிக்கை வைத்து, ‘அமான்’ என்று இழுத்துப் பாடும் அமானே பாடல்களை ஒழிக்கப் பார்த்தார். இருவர் சொன்ன காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான்: கீழை வாடை அடிக்கிறது, நாம் ஐரோப்பியர். இந்த மரபில் வந்த ரெபெட்டிகோ என்ற கிரேக்க நகரப் பாட்டுக்கு 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்.

திருநெல்வேலி: உஸ்குதார் பாட்டு கிரேக்கமா, துருக்கியா?

மேலே படியுங்கள்.

சேலம்: லிவானெலி, தியோதொராகிஸ் பற்றி?

அது துருக்கியின் லிவானெலி, கிரீஸின் தியோதொராகிஸ் என்ற இரு இசையமைப்பாளர்களின் நட்பு, வேறு கதை. தியோதொராகிஸின் தாயார் துருக்கிக் கரையிலுள்ள செஷ்மேக்காரர். இருவரும் 1986இல் துருக்கி–கிரேக்க நட்புக் குழு தொடங்கினார்கள். துருக்கியின் ‘யேனி துர்க்யூ’ இசைக்குழு பாடும் ‘ஓல்மாசா மெக்துபுன்’ கூட கிரேக்க இசையமைப்பாளர் மானோஸ் லோயிசோஸ் போட்ட மெட்டு. இணையத்தில் ‘மரபுப் பாடல்’ என்று எவராவது தலைப்பிட்டால் நம்பாதீர்கள். பாதிக்கு இசையமைப்பாளர் இருப்பார்.

ஈரோடு: சரி சார், ஆனால் உஸ்குதார்...

இனி அந்தப் பாட்டுக்குப் பதில் கிடையாது.

புதுச்சேரி: தாய்மொழியே கிரேக்கமாக உள்ள முஸ்லிம் பாடகர்கள் துருக்கியில் உண்டா?

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கருங்கடலோரம், டிராப்சோன் மலைக் கிராமங்களில் உண்டு. அங்குள்ளவர்கள் முஸ்லிம்கள், ஆகவே 1923 மாற்றம் அவர்களைத் தொடவில்லை. வீட்டில் ரோமெய்கா என்ற பழைய கிரேக்கப் பேச்சு தங்கிவிட்டது. அப்போலாஸ் லெர்மி அந்த வட்டாரத்துப் பாடகர், ரோமெய்காவில் பாடுகிறார். உடன் வாசிப்பது கெமென்சே என்ற வில் கருவி. கருங்கடலோரத்திலிருந்து கிரீஸில் குடியேறிய பொன்டிக் கிரேக்கர் அதே கருவியை லிரா என்கிறார்கள். காபிக்கடை மேடை எதுவும் இல்லாத மலைப்பாட்டு இது. ‘நாட்டுப்புறம்’ என்று இங்கே தாராளமாகச் சொல்லலாம்.