கேள்வி – பதில்: குப்பிக்குள் சுண்டெலிப் புரதம்

கேள்வி: ஓர் ஆய்வகத்தின் குளிர்பெட்டியில் ‘மறுசேர்க்கை எலி ஆல்புமின், ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று எழுதப்பட்ட சிறு குப்பியைப் பார்த்தேன். அது எலியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதா? ‘மறுசேர்க்கை’ என்றால் என்ன?

பதில்: முதலில் பெயரைத் திருத்திக்கொள்வோம். பேச்சில் எலி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விலங்குகளை அடக்கிவிடுகிறோம். ஆய்வகத்தில் சுண்டெலி வேறு, அதைப்போல் பத்து மடங்கு எடையுள்ள பெரிய எலி வேறு. அவற்றின் புரதங்களும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வரவழைத்துவிட்டுக் கையைப் பிசைபவர்கள் உண்டு. நீங்கள் பார்த்தது சுண்டெலியின் ஆல்புமின், அதாவது அதன் ரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதம், என்றே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அது ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டதன்று. 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் 2 மில்லிலிட்டரைத் தாண்டாது. அணுக்களை நீக்கிய பின் எஞ்சும் பிளாஸ்மா 1 மில்லிலிட்டர் அளவுதான். பிளாஸ்மாவில் ஆல்புமின் மிகுதியாக உள்ளதால் அதையாவது ஓரளவு திரட்டலாம். மிகச் சிறிய அளவில் இருக்கும் ரத்த உறைவுக் காரணிகளைத் திரட்டுவதென்றால் எண்ணற்ற விலங்குகளைக் கொல்ல வேண்டியிருக்கும். அப்படியே எடுத்தாலும், கொழுப்பு அமிலம், பித்த நிறமியான பிலிருபின் போன்றவை ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஆகவே புரதத்தை விட்டுவிட்டு, அதைச் செய்யும் குறிப்பை மட்டும் சுண்டெலியிடமிருந்து பெற்றுக்கொள்கிறார்கள். அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை ஒரு வட்ட வடிவ டி.என்.ஏ.வில் இணைத்து, அதை வேறோர் உயிரணுவுக்குள் செலுத்தினால், அந்த உயிரணு தனக்குத் தொடர்பில்லாத அந்தப் புரதத்தைத் தயாரித்துத் தரும். இரு வேறு மூலங்களின் டி.என்.ஏ.வைச் சேர்ப்பதால் ‘மறுசேர்க்கை’ என்ற பெயர் வந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்டான்லி கோஹெனும் ஹெர்பர்ட் போயரும் 1973இல் செய்துகாட்டிய முறை இதற்கு அடிப்படை.

எந்த உயிரணு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எ.கோலி பாக்டீரியா விரைவாகவும் மலிவாகவும் புரதத்தைத் தரும். ஆனால் விலங்கு உயிரணு புரதத்தின்மேல் சேர்க்கும் சர்க்கரைச் சங்கிலிகளை அது சேர்ப்பதில்லை. மனித ஆல்புமினில், அதன் மடிப்பைப் பிடித்து நிறுத்தும் 17 கந்தகப் பாலங்கள் உள்ளன. அத்தகைய புரதத்தைச் சரியாக மடிப்பதிலும் பாக்டீரியா தடுமாறும். அதனால் பிளாஸ்மா புரதங்கள் பலவற்றுக்கு ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் மனிதச் சிறுநீரக உயிரணு வரிசையையோ சீன ஹாம்ஸ்டரின் சினைப்பை உயிரணு வரிசையையோ நாடுகிறார்கள். புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் ஆறு அலகுகளை வால்போல் சேர்த்துவிட்டால், நிக்கல் பூசிய மணிகள் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி அகற்றிவிடலாம்.

கேள்வி: மனித நோய்களுக்காகத்தானே ஆராய்ச்சி? மனிதப் புரதத்தையே பயன்படுத்தினால் என்ன?

பதில்: சோதனை சுண்டெலியின் உடலில் நடக்கும்போது மனிதப் புரதம் அங்கே அந்நியன். திரும்பத் திரும்பச் செலுத்தினால் விலங்கின் நோயெதிர்ப்பு அமைப்பு அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கிவிடும். அதன் பிறகு நாம் அளப்பது மருந்தின் விளைவையா, அந்த எதிர்ப்பையா என்று பிரித்தறிவது கடினம்.

ஆல்புமினையே எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடலில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 19 நாட்கள். சுண்டெலியில் இரண்டு நாட்களுக்கும் குறைவு. ஆல்புமினைச் சிதைவிலிருந்து மீட்டு மறுபடியும் ரத்தத்துக்கு அனுப்பும் ஏற்பி ஒன்று உண்டு. சுண்டெலியின் அந்த ஏற்பியோடு மனித ஆல்புமின் வலுக்குறைவாகவே பிணைகிறது. போதாக்குறைக்கு, சுண்டெலியின் சொந்த ஆல்புமினும் அங்கே போட்டிக்கு நிற்கிறது. ஆகவே மனித ஆல்புமினோடு இணைத்த மருந்தைச் சுண்டெலியில் சோதித்துவிட்டு, அது உடலில் எத்தனை நாள் தங்கும் என்று கணக்குப் போட்டால் கணக்குத் தவறிவிடும்.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு, அழற்சியைக் காட்டும் சி-வினைப் புரதம் (சி.ஆர்.பி.). கடும் தொற்றின்போது மனித ரத்தத்தில் அதன் அளவு ஆயிரம் மடங்கு வரைகூட உயரக்கூடும். சுண்டெலியில் அது சிறிதளவே உயர்கிறது. அழற்சியின்போது அங்கே பெருமளவு உயர்வது அதன் உறவுப் புரதமான சீரம் அமிலாய்டு பி. மனிதப் பழக்கத்தை வைத்துக்கொண்டு தவறான புரதத்தை அளப்பவர், நோயுற்ற விலங்கைக் கிட்டத்தட்ட நலமாக இருப்பதாகவே பதிவு செய்வார்.

கேள்வி: நான் முதுகலை மாணவி. வந்த குப்பி காலியாக இருப்பதுபோல் தெரிகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவசரப்பட வேண்டாம். 10 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சத்தில் ஒரு பங்கு. உறையவைத்து உலர்த்திய அந்த அளவு புரதம் அடியில் கண்ணுக்குப் புலப்படாத படலமாக இருக்கலாம், அல்லது மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கலாம். மாணவப் பருவத்தில் நானும் இப்படி ஒரு குப்பியைச் சட்டென்று திறந்து, மூடியைக் கையுறையோடு சேர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அந்த வாரச் சோதனை முழுவதும் வெறும் உப்புக் கரைசலோடு நடந்தது. திறப்பதற்கு முன் குப்பியை மையவிலக்கியில் சில நொடிகள் சுழற்றுங்கள்.

கரைக்கும்போது உடன் வந்த தாளில் குறிப்பிட்ட செறிவுக்குக் கீழே போகாதீர்கள். மிகவும் நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும். குலுக்காமல் மெல்லச் சாய்த்துக் கரையுங்கள். ஒருமுறைக்குத் தேவையான அளவாகப் பல குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்தால் புரதம் திரண்டு செயலிழக்கும். புரதம் ஒட்டாமலிருக்க மாட்டு ஆல்புமினைச் சேர்ப்பது வழக்கம்தான், ஆனால் நீங்கள் ஆராய்வதே ஆல்புமின் என்றால் அது கூடாது. உயிரணு வளர்ப்பில் இடப்போகிறீர்கள் என்றால் எண்டோடாக்சின் அளவையும் பாருங்கள். பாக்டீரியாவின் அந்த நச்சு எஞ்சியிருந்தால், உயிரணுக்கள் உங்கள் புரதத்துக்குக் காட்டாத எதிர்வினையை அதற்குக் காட்டிவிடும்.

கேள்வி: இத்தகைய புரதத்தை மருந்தாகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வரிக்கு, மனிதருக்கோ விலங்குக்கோ சிகிச்சை அளிப்பதற்கான தரத்தில் அது தயாரிக்கப்படவில்லை என்பதே பொருள்.