ஒட்டிய இரட்டையர்: கேள்வி பதில்

(பதில் தருபவர் மலையகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மகப்பேற்று வைத்தியர்.)

தலவாக்கலை வாசகி: டொக்டர், எனக்கு 10 வாரம். ஸ்கேன் எடுத்தவர், இரட்டைக் குழந்தை, ஒட்டியிருப்பது போல் தெரிகிறது என்றார். மூன்று நாளாகத் தூக்கமில்லை.

பதில்: மகளே, 10 வாரத்தில் ‘போல் தெரிகிறது’ என்பது முடிவல்ல. ஒரே பனிக்குடத்தில் கிடக்கும் இரண்டு கருக்கள் அந்த வயதில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தனித்தனிக் கருக்களும் ஒட்டியவை போலவே காட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். குழந்தைகளுக்கு நடுவே முடியிழை போல ஒரு சவ்வு திரையில் தெரிந்தால் கதை முடிந்தது, அவை ஒட்டியவை அல்ல. சவ்வு இல்லையென்றால் பொறுமையாகப் பார்க்க வேண்டும்: ஒன்று திரும்பும்போது மற்றதும் கூடவே திரும்புகிறதா? முதுகெலும்புகள் பின்புறமாக வளைந்திருக்கின்றனவா? தொப்புள்கொடியில் மூன்றுக்கு மேல் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றனவா?

ஒட்டியவைதான் என்று உறுதியானால், 20 வாரமளவில் இதயத்தைத் தனியாக ஸ்கேன் செய்வார்கள். மார்போடு மார்பு ஒட்டியவர்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்கு இதயமும் ஏதோ ஓரளவு இணைந்திருக்கும். கீழறைகள் ஒன்றாகிப் போயிருந்தால் இருவரையும் பிழைக்கவைத்துப் பிரிக்க முடியாது. ஈரல் மட்டும் ஒட்டியிருந்தால் நம்பிக்கை உண்டு, வெட்டிய ஈரல் வளரும்.

இரட்டை என்று தெரிந்த எல்லோருக்கும் சொல்கிறேன்: பனிக்குடம் ஒன்றா இரண்டா, நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 14 வாரத்துக்குள் கிளினிக் அட்டையில் எழுதி வாங்குங்கள். பிறகு பார்த்துச் சொல்வது கடினம்.

மஸ்கெலியா வாசகர்: மனைவி ஒட்டிய வாழைப்பழம் தின்றாள் என்று என் அம்மா ஏசுகிறார்.

பதில்: பாவம் வாழைப்பழம். ஒரே கரு, கருத்தரித்து 13 நாளுக்குப் பிறகு பிரியத் தொடங்கி முழுதாகப் பிரியாமல் நின்றுபோவதால் இப்படி ஆகிறது என்பதே வழக்கமான விளக்கம். அந்த நாளில் உங்கள் மனைவிக்கு மாதவிலக்குக்கூடத் தள்ளிப்போயிருக்காது.

பொகவந்தலாவை வாசகி: கிரகணத்தன்று காய் நறுக்கினால்?

பதில்: மேலே ‘வாழைப்பழம்’ என்ற இடத்தில் ‘கிரகணம்’ என்று போட்டு வாசிக்கவும்.

பதுளை, உயர்தர மாணவன்: சேர், பிறந்தவுடனேயே பிரித்துவிடுவார்களா?

பதில்: உயிர் ஆபத்து இருந்தால் மட்டும். அவசரத்தில் பிரித்தால் இழப்பு மிக அதிகம். நிலைமை அனுமதித்தால் சில மாதங்கள் காத்திருப்பார்கள். பிரித்த பிறகு இரண்டு உடம்பையும் மூடத் தோல் போதாது. அதனால் முன்கூட்டியே தோலுக்கடியில் சிறு பலூனை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை வளர்த்தெடுப்பதும் உண்டு.

நுவரெலியா ஆசிரியர்: எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒட்டிக்கொண்டு வாழ்வதெல்லாம் ஒரு வாழ்க்கையா?

பதில்: 1811இல் சீயத்தில் (இன்றைய தாய்லாந்தில்) பிறந்த சாங், எங் சகோதரர்கள் ஒட்டியபடியே கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1874 வரை வாழ்ந்தார்கள். தலை ஒட்டிய ஈரானியச் சகோதரிகள் லாடனும் லாலேயும் 2003இல் சிங்கப்பூரில் பிரிக்கப்பட்டபோது இருவருமே இறந்தார்கள்.

ஹட்டன் வாசகி (குறுக்கிட்டு): அந்தச் சகோதரிகள் 29 வயதில் தாங்களே விரும்பிக் கேட்ட சத்திரசிகிச்சை அது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: சரிதான், நான் சொல்லியிருக்க வேண்டும். ஆபத்தை அறிந்தே கேட்டார்கள். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. கைக்குழந்தையால் கேட்க முடியாதே, அங்கேதான் ஆசிரியரின் ‘எப்படியும்’ எனக்கு உறுத்துகிறது.

நுவரெலியா ஆசிரியர்: அப்படியானால் பெற்றோர் முடிவெடுக்கக் கூடாதா?

பதில்: எடுக்கட்டும். இதய ஸ்கேனைப் பார்த்த பிறகு எடுக்கட்டும். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து எடுக்க வேண்டாம்.

இராகலை வாசகி: உறுதியானால் கருவைக் கலைக்கலாமா?

பதில்: இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே அனுமதிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சிசேரியனுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கொட்டகலை வாசகர்: ஸ்கேன் படத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம். இன்று படம் அனுப்பட்டுமா என்று கேட்பவர்களில் நீங்கள் ஆறாவது ஆள். அட்டையில் பனிக்குடம் எத்தனை என்று எழுதியிருக்கிறதா? அதை முதலில் பாருங்கள்.