ரிசல்ட் வரும்வரை கழுத்தைத் தடவிப் பார்க்காதீர்கள்

கேள்வி: ஐந்து வாரங்களுக்கு முன், அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண்ணுடன் உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. நேற்று ஆய்வகத்தில் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். முடிவு தெரிய மூன்று நாளாகுமாம். தொண்டை வலிக்கிறது, கழுத்தில் நெறி கட்டியதுபோல் இருக்கிறது. தூக்கமே இல்லை. எனக்கு வந்துவிட்டதா டாக்டர்?

பதில்: தொண்டை வலியை வைத்து இதைச் சொல்லவே முடியாது. எச்.ஐ.வி. தொற்றினால் 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, நெறி கட்டுதல் எல்லாம் வரலாம். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இதேதான் வரும். தொற்றிய சிலருக்கு எதுவுமே தெரியாது. அப்புறம் ஒன்று கேட்கிறேன்: ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுத்தை அழுத்திப் பார்க்கிறீர்கள்? ஓயாமல் அழுத்தினால் நல்ல கழுத்தும் வலிக்கும். பதற்றமே தூக்கத்தையும் பசியையும் கெடுக்கும், தொண்டையை அடைக்கும். அதையும் நோய்க்குறி என்று எண்ணி இன்னும் பயப்படுகிறீர்கள்.

அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருக்கிறதா என்பதே தெரியாது. இருந்து, சிகிச்சை எடுக்காதவராக இருந்தாலும், பாதுகாப்பில்லாத ஒருமுறை யோனிவழி உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000க்கு சுமார் 4. வேறு பால்வினை நோய் இருந்தால் இது கூடும். அவற்றுக்கும் சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள்.

நீங்கள் செய்திருப்பது வைரஸின் பி24 புரதத்தையும், அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடும் பரிசோதனை. தொற்று பெரும்பாலும் 18 முதல் 45 நாட்களுக்குள் இதில் தெரிந்துவிடும். உங்களுக்கு 35 நாள் ஆகிவிட்டது. நெகட்டிவ் என்று வந்தால் பெரிய அளவு நிம்மதி அடையலாம். 45 நாள் கடந்ததும் இன்னொரு முறை செய்து கணக்கை முடித்துவிடுங்கள். தொற்றாமல் தடுக்கும் மாத்திரை, உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டியது. அதை எடுத்திருந்தால் இந்த நாள் கணக்கு மாறும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, இந்த மூன்று நாள்? இரவில் போனில் நோய்க்குறி தேடுவதை நிறுத்துங்கள், இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். உறவென்றால் ஆணுறை வேண்டும், ரத்ததானம் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பாசிட்டிவ் என்றே வந்தாலும் உறுதிப்படுத்தும் பரிசோதனை உண்டு. அதுவும் உறுதியானால், சீக்கிரமே தொடங்கி, இடைவிடாமல் மாத்திரை எடுப்பவர்கள் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்கிறார்கள். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் வழியாகத் துணைக்குப் பரவுவதும் இல்லை.